முந்நூறு மணி நேரக் காது

சங்கத்தின் செயலாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சங்கத்தில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. 'தீர்மானம்' என்றால்தான் தெரியும். டீ ஆறிப்போனால்கூட அதைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவருவார். பிழைக்க வந்த ஊரில், ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில், நாற்பது மடக்கு நாற்காலிகளும் ஒரு மைக்கும் கொண்டது அந்தச் சங்கம். பதினோரு வருடமாக அவர்தான் செயலாளர். எல்லோரும் தன்னைச் 'செயலாளர் ஐயா' என்று அழைப்பதாகவே அவர் நம்பியிருந்தார். காரணம், அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் என்ஜின்களுக்கு நடுவே நின்ற காது. எட்டு மாதத்துக்கு முன்பு மனைவி இழுத்துக்கொண்டு போய் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டினாள். இரண்டு நாள் போட்டார். "விசில் அடிக்குது" என்று கழற்றி டிராயரில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், படுக்க வைத்துவிட்டார். உண்மை வேறு. மந்தக் காதில் பல வசதிகள் இருந்தன. குழாய் சொட்டுவது கேட்காது. "குழாய் சொட்டுது, பாருங்க" என்பதும் கேட்காது.

அந்த வருடம் சங்கம் ஒரு நல்ல காரியத்தில் இறங்கியிருந்தது. தாய்நாட்டில், காது கேளாதவர்களுக்கான மையம் ஒன்று. இங்கே பயன்படாமல் கிடக்கும் காது மெஷின்களைச் சேகரித்து அங்கே அனுப்பினால், அவர்கள் அதை வேறொருவர் காதுக்குத் தகுந்தபடி மாற்றிப் பொருத்திவிடுவார்கள். இதைக் கேள்விப்பட்டதும் செயலாளர் மூளையில் பல்பு எரிந்தது. எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

"அடுத்தவங்க வீட்டு டிராயரைத் தேடினா மட்டும் போதாது. கமிட்டியில இருக்கறவங்க முன்னால நிக்கணும். என்னோட ரெண்டு மெஷினையும் தாய்நாட்டுக்குத் தர்றேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டார்.

வீட்டில் ஒரு சண்டைக்குத் தயாராகவே போனார். மனைவி துணிக்கடைக்கு ஆல்டரேஷன் தைப்பவள். பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு உரக்கக் கேட்டாள்.

"நிஜமாவே குடுக்கப் போறீங்களா?"

"வாக்குக் குடுத்துட்டேன்மா. ஊர்ல எத்தனை பேர் கேக்காம கஷ்டப்படறாங்க. நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன்."

"ரொம்பப் பெரிய மனசுங்க. டிராயர்ல இருந்து நானே எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன்."

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சம்மதித்ததில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். செயலாளர் சுதாரிக்கவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டார்.

மெஷின்களைச் சுத்தம் செய்து சோதிப்பது, காது மெஷின் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பொறுப்பு. சங்கத்துப் பெண்தான். அவரை மாமா என்பாள், அவர் மனைவியை அத்தை என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கப் பேசினாள். நாற்பது நாற்காலிக்கும் கேட்டது.

"மாமா, எட்டு மாசத்துல எவ்வளவு நேரம் போட்டிருப்பீங்க?"

"தினமும்தான்!"

"பதினோரு மணி நேரம்னு சொல்லுதே?"

"யாரு சொல்றது?"

"மெஷின்தான் மாமா. காதுல இருக்கற நேரத்தை அதுவே குறிச்சு வச்சுக்கும்."

"நான் ஒருத்திதான் சாட்சின்னு நெனச்சேன்" என்றாள் மனைவி, பின்வரிசையிலிருந்து. "அதுவும் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கு."

"சரி மாமா, இப்போ என்னன்னா, ஓடாத மெஷினை அனுப்ப முடியாது. முந்நூறு மணி நேரம் காதுல ஓடியிருக்கணும். அப்பதான் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதித் தர முடியும்."

"இது யாரு போட்ட விதி?"

அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள். அத்தை மேலே மின்விளக்கைப் பார்த்தாள்.

"விதி விதிதான் மாமா."

"வேற யாராவது போட்டு ஓட்டலாமே?"

"உங்க காதுக்கு அளவெடுத்தது மாமா."

மனைவி எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள். "தாய்நாட்டுக்காக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். முப்பது நாள். முடியாதுன்னா பரவாயில்லைங்க, ஒரு தீர்மானம் போட்டு வாபஸ் வாங்கிடுங்க."

நாற்பது ஜோடிக் கண்கள். செயலாளர் தலையாட்டினார்.

நான்கு நாளில் மெஷின் பெட்டி திரும்பி வந்தது. சுத்தம் செய்து, எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது என்றாள் மனைவி. மாட்டினார். விசில் இல்லை. காதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அழுக்குதான் படுத்தியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் சமையலறையில் பஸ் நிற்கிறது என்று எழுந்து போனார். ஃபிரிட்ஜ். இரண்டாம் நாள் குழாய் சொட்டுவது கேட்டது. தூக்கம் கெட்டது. மூன்றாம் நாள் வாஷர் மாற்றினார். முதல் ஞாயிற்றுக்கிழமை, படியேறும்போதே "தீர்மானம் வர்றாரு, டீயைச் சூடு பண்ணுங்க" என்று யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. பதினோரு வருடச் 'செயலாளர் ஐயா' அந்தப் படியிலேயே விழுந்து நொறுங்கினார். வாரா வாரம் அந்தப் பெண் எண்ணிக்கையைப் படிப்பாள். "அறுபத்தெட்டு!" என்றாள். "நூத்தி நாப்பது!" என்றாள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சங்கம் கைதட்டியது. இப்போது கைதட்டலும் கேட்டது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம். டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே மனைவி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"...அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். மெஷின் மாட்டறதுக்கு முன்னாடியே இவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் சரின்னாரு. எதுக்குச் சரின்னு அவருக்கே தெரியாது. உனக்காவது கேக்குதா?"

செயலாளர் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ச் செருப்பை மறுபடி மாட்டி, தெருமுனை வரை நடந்தார். அங்கே நின்று மனைவியின் அக்காவுக்குப் போன் செய்தார். "அண்ணி, வெள்ளிக்கிழமை ஆபரேஷனாமே? தைரியமா இருங்க. உங்க தங்கச்சியை அனுப்பி வைக்கறேன்" என்றார். "நீங்களா பேசறீங்க?" என்றாள் அண்ணி.

முந்நூறு மணி நேரம் முடிந்தது. "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாத்துடலாமே" என்றார் செயலாளர். "நல்லாப் பாத்துடுங்க" என்றாள் மனைவி. நானூறும் தாண்டியது. மெஷினைக் கழற்றிக் கொடுக்க மனசே வரவில்லை. கொடுத்த வாக்கும் முன்னே நின்றது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. மெஷின்களை ஒப்படைக்க வேண்டிய நாள். செயலாளர் சட்டைப்பையில் ஒரு தாளோடு போனார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வாபஸ் தீர்மானம் எழுதியிருந்தார்.

அவர் எழுந்திருப்பதற்குள் சுவரில் வீடியோ தெரிந்தது. தாய்நாட்டு மையத்திலிருந்து ஒருவர். தோளில் கண்டக்டர் பை.

"வணக்கம்ங்க. நான் பஸ் கண்டக்டர். காது போனதுல இருந்து யாரு எங்க இறங்கணும்னு சொல்றாங்கன்னே தெரியாது. கும்பல் கும்பலா ஒரே ஸ்டாப்ல இறக்கி விட்டுட்டிருந்தேன். வேலையை விட்டு எடுக்கறதா இருந்தாங்க. உங்க சங்கத்துச் செயலாளர் ஐயாவோட மெஷின் என் காதுல ஏறி இருபது நாளாச்சு. வேலை நின்னுடுச்சுங்க... அதாவது, நிலைச்சு நின்னுடுச்சு! எம் பொண்டாட்டி பிள்ளைங்க சார்பா அவருக்கு ஒரு கும்பிடு."

செயலாளர் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். இரண்டிலும் மெஷின் இருந்தது. திரும்பினார்.

"அப்போ இது?"

"புதுசு" என்றாள் மனைவி. "உங்களுதை நீங்க சொன்ன வாரமே அனுப்பியாச்சு. குடுத்த வாக்கு பொய்யாகக் கூடாதில்லையா?"

"கடையில திருப்பி..."

"பிடிக்கலைன்னா முப்பது நாளுக்குள்ள திருப்பித் தரலாம். இன்னைக்கு நாப்பத்தோராவது நாளுங்க."

"முந்நூறு மணி நேர விதி?"

"நான் போட்டது. நீங்க மட்டும்தான் தீர்மானம் போடணுமா?"

சங்கம் சிரித்ததில் மைக்கே அதிர்ந்தது. செயலாளர் அதைப் பிடித்தார். சட்டைப்பையில் இருந்த தாளை வெளியே எடுக்கவில்லை. நன்றித் தீர்மானம் என்று ஆரம்பித்தார். கண்டக்டருக்கு நன்றி. மையத்துக்கு நன்றி. கடைப் பெண்ணுக்கு நன்றி. "என் வீட்டுக்காரம்மாவுக்கு..." என்று பின்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். சங்கம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அத்தோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம். "இந்த நேரத்தில், கடந்த பதினோரு ஆண்டுகளில் இந்தச் சங்கம் கடந்து வந்த பாதையை..." என்று தொண்டையைத் திறந்தார்.

கடைசி வரிசையிலிருந்து, ஊசியில் நூல் கோக்கும் சத்தத்துக்கு மேல் போகாத ஒரு குரல்: "போதும், வந்து உட்காருங்க."

கேட்டது. உட்கார்ந்தார்.