அடைகாத்த விளக்கு

"வெண்டெல், என் விளக்கு எங்க?"

மார்லீன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. கோடைவீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த விளக்கைக் காணோம். மரத்தில் கடைந்த, வாத்து மாதிரி நீந்தும் லூன் என்ற ஏரிப் பறவை. கறுத்த முதுகில் வெள்ளைக் கட்டங்கள், சிவந்த கண், நடு முதுகில் ஒரு பல்பு. அவளுடைய அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தது. பர்டாக் ஏரிக்கரையில் லூன் படம் போட்ட துண்டு, தட்டு, தலையணை உறை இல்லாத வீடே கிடையாது. லூன் மட்டும்தான் கிடையாது.

"வயர் போயிடுச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார் வெண்டெல், செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"அப்படியா? ரிப்பேர்காரன் தண்ணிக்கு நடுவுல மிதவையில உக்காந்துதான் வேலை பாப்பானா? சமையக்கட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். என் விளக்கு குடாவுல மிதக்குது!"

செய்தித்தாள் இறங்கியது. அதற்கு மேல் மறைக்க வெண்டெலிடம் சாமர்த்தியம் இல்லை. பள்ளிக்கூட பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய் பழக்கமில்லை.

எங்கள் ஏரிச் சங்கத்தில் அவருக்கு 'ஏரிக் காவலர்' என்று ஒரு பதவி உண்டு. வேறு யாரும் வேண்டாம் என்றதால் கிடைத்த பதவி. கரையோரம் படகை விரட்டாதீர்கள், அலையில் கூடு முங்கிவிடும் என்று வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்ச் சொன்னார். புல்லைத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் மொட்டையடிக்காதீர்கள், தூண்டிலில் ஈயக் குண்டு கட்டாதீர்கள், பறவை விழுங்கிச் செத்துப் போகும் என்றார். படகுத்துறை விளக்கை ராத்திரி அணைக்கச் சொன்னார். எல்லோரும் "கண்டிப்பா வெண்டெல், கண்டிப்பா" என்று அவர் கையில் ஒரு பீரைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கிழக்குக் குடாவில் அவர் போட்டு வைத்த மிதவையில் கூடு கட்டிக்கொண்டிருந்த கடைசி ஜோடி போன வருஷம் வந்தது. இந்த வருஷம் வரவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. லூன் கூடு இருக்கும் வரைக்கும்தான் கிழக்குக் குடாவில் மோட்டார் படகு மெதுவாகப் போக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஜூலை முதல் தேதி, கனடா தினக் கூட்டத்துக்குள் கூடு இல்லையென்றால் விதி போய்விடும். அதற்காகவே டொராண்டோவிலிருந்து வரும் பிரென்ட், வீட்டளவு அலை கிளப்பும் படகு ஒன்றை வாங்கித் துறையில் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"கூட்டம் முடியற வரைக்கும்தான் மார்லீன்" என்று கெஞ்சினார் வெண்டெல். "பறவை இருக்குன்னா விதி நிலைக்கும். விதி நிலைச்சா குடா அமைதியா இருக்கும். நம்மகிட்டதான் இல்ல, பக்கத்து ஏரிங்கள்ல எல்லாம் லூன் இருக்குல்ல? அதுல ஒண்ணு பறந்து போறப்ப கீழ பாத்து, அட, இங்க ஒருத்தி இருக்காளேன்னு இறங்காதா?"

"சரிதான். நான் இருட்டுல உக்காந்து புத்தகம் படிக்கறேன். நீ என் விளக்குக்கு மாப்பிள்ளை பாரு."

கூட்டத்தில் சங்கத் தலைவி கிளெண்டா எழுந்து, கிழக்குக் குடாவில் தாய்ப்பறவை அடைகாக்கிறாள் என்று அறிவித்தார். பைனாகுலரில் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. விதி நிலைத்தது. பிரென்ட் முகம் தொங்கிப் போயிற்று.

மறுநாள் பொழுது விடியும்போதே விளக்கை எடுத்துவிடலாம் என்று வெண்டெல் துடுப்புப் படகைத் தள்ளினார். குடா வாயில் ஏற்கெனவே நான்கைந்து படகுகள் நின்றன. எல்லார் கழுத்திலும் பைனாகுலர். கிளெண்டா உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை செய்தார்.

"வெண்டெல், நேத்து சாயங்காலத்துல இருந்து பாக்கறேன்" என்று கிசுகிசுத்தார். "கழுத்தக் கூடத் திருப்பல. உடம்புக்கு ஏதாவது பண்ணுதோ?"

"அ... அடைகாக்கறப்ப அப்படித்தான். அசைய மாட்டாங்க."

"ஒரே பக்கமாவா பாத்துட்டு இருப்பா?"

மிருக வைத்தியரைக் கூப்பிடும் பேச்சு வந்தது. அன்றிலிருந்து வெண்டெல் அரையிருட்டில் எழுந்து போய், ஒரு நாள் பறவையை வடக்கே பார்க்கவும் மறுநாள் தெற்கே பார்க்கவும் திருப்பி வைத்துவிட்டு வந்தார். திரும்பிய பறவையைக் கண்டதும் ஏரியே பூரித்துப்போனது. ஆனால் அடுத்த கவலை தயாராக இருந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறித்தானே அடைகாக்க வேண்டும்? புருஷன்காரன் எங்கே?

"ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தானா அவன்?" என்று கடைத்தெருவில் பெண்கள் கொதித்தார்கள். "பொறுப்பத்த ஜென்மம்!"

"எனக்கென்னமோ ஆச்சரியமா இல்ல" என்றாள் மார்லீன், வெண்டெலைப் பார்த்துக்கொண்டே. "விளக்கு இல்லாத வீட்டுல இருக்கறவளுக்கு அவ கஷ்டம் தெரியும்."

"அவ வாயத் திறந்து கூப்பிட்டாத்தானே அவன் வருவான்?" என்று கிளெண்டா புதிதாக ஒன்றைக் கிளப்பினார். "ஒரு தடவ கூட கத்தல. ஊமையோ?"

பதிவு செய்த லூன் குரலை ஏரிக்கரையில் யாரும் போடக் கூடாது, பறவைகள் குழம்பிவிடும் என்று துறைக்குத் துறை பலகை மாட்டியவர் வெண்டெல். அந்த வெண்டெல் அன்று அந்திசாயும் நேரத்தில் குடாக்கரைப் புதருக்குள் குனிந்து உட்கார்ந்து, கொசு பிடுங்கித் தின்ன, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். நீண்ட அழுகை போன்ற அந்தக் குரல் தண்ணீர் மேல் போயிற்று.

பாறைத் திட்டுக்கு அப்பாலிருந்து பதில் குரல் வந்தது.

வெண்டெலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு முறை போட்டார். இன்னொரு முறை பதில் வந்தது. ஆண் குரல். சந்தேகமே இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வந்துவிட்டான். எந்த ஏரியிலிருந்தோ, எவ்வளவு தூரமோ பறந்து, கடைசியில் வந்தே விட்டான். துடுப்பைக்கூடச் சத்தமில்லாமல் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறைத் திட்டைச் சுற்றிப் போனார்.

அங்கே பிரென்ட் தன் பெரிய படகில், எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"உஷ்! பாஸ், அசையாதீங்க. அவ இப்பதான் வாயத் திறந்தா!"

"நீ... நீ இங்க என்ன பண்றே?"

"அந்த நாதாரி வர மாட்டேங்கறான்ல. ஒத்தையில கிடக்கறாளேன்னு மனசு கேக்கல பாஸ். ஆம்பளக் குரல் ஒண்ணு எறக்கிட்டு வந்து தினமும் போடறேன். இன்னைக்குத்தான் பதில் சொன்னா. எனக்குச் சொன்னா பாஸ்!" பிரென்ட் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனிமே ராப்பகலா இங்கதான் இருக்கப் போறேன். எவனாவது படக விரட்டிட்டு இந்தப் பக்கம் வரட்டும், இருக்கு அவனுக்கு."

வெண்டெல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மார்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அதற்குப் பிறகு விளக்கைத் திருப்பி வைக்கவும் வழியில்லை, எடுக்கவும் வழியில்லை. பிரென்ட் குடா வாயிலிலேயே நங்கூரம் போட்டுவிட்டான். நாற்காலி வந்தது, போர்வை வந்தது, ஊர்ப் பெண்கள் கொடுத்தனுப்பிய பட்டர் டார்ட் பலகாரங்கள் வந்தன. பறவை திரும்பவில்லையே என்று யாராவது கேட்டால், "ஒரே நினைப்பா இருக்கா. தாயின்னா அப்படித்தான்" என்று அவனே பதில் சொன்னான்.

ஏரி மாறிப்போயிற்று. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். புல்வெட்டும் இயந்திரங்கள் கொட்டகைக்குள் போயின, கரையோரம் கோரை தலைகாட்டியது. கிளெண்டா தன் பெட்டியிலிருந்த ஈயக் குண்டுகளை மொத்தமாகக் கொண்டுவந்து வெண்டெலின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உயிரோடு இருந்த பறவைகளுக்காக ஒரு விளக்கை அணைக்காதவர்கள், இப்போது ஒரு விளக்குக்காக எல்லா விளக்குகளையும் அணைத்தார்கள். வெண்டெல் தன் துறை நுனியில் உட்கார்ந்து இருட்டையும் அலையில்லாத தண்ணீரையும் பார்ப்பார். அவர் இத்தனை வருஷம் ஊர் காலில் விழாத குறையாகக் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. பறவை மட்டும் இல்லை.

ஆகஸ்ட் பிறந்தது. குஞ்சு பொரிக்கவில்லை.

"கூமுட்டை" என்றார் கிளெண்டா, சோளம் சுடும் விருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு. "நம்ம தாய், கூமுட்டை மேல உக்காந்திருக்கா. தெரியாம உக்காந்திருக்கா." பாதி சோளத்தில் எல்லோரும் கடிப்பதை நிறுத்தினார்கள். பிரென்ட் எழுந்து ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "அதனால நான் ஒட்டிலி அம்மாவைக் கூப்பிட்டிருக்கேன். நாளைக்கு வராங்க."

வெண்டெல் கையிலிருந்த சோளம் கீழே விழுந்தது.

ஒட்டிலியைத் தெரியாத ஏரிக்காரர் கிடையாது. பக்கத்து ஏரியில் வீடு. இந்தச் சுற்றுவட்டாரத்து ஏரிகளில் எத்தனை லூன், எத்தனை கூடு என்று கணக்கெடுத்து வருஷா வருஷம் மேலிடத்துக்கு அனுப்புகிறவர். லூன் விஷயத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பார்கள்.

"ஓடிடலாமா?" என்றார் வெண்டெல் அன்று மாலை.

"எங்க ஓடுவே? போறப்ப விளக்க எடுத்துட்டுப் போக முடியாது, பிரென்ட் உதைப்பான்" என்றாள் மார்லீன். பிறகு அவர் தோளில் கையை வைத்தாள். "சொல்லிடு வெண்டெல். ஊரு முன்னாடி வேண்டாம், அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடு."

"சொன்னா அவங்க கணக்குல எழுதுவாங்க. எழுதினா சங்கத்துக்குத் தெரியும். அடுத்த வாரமே புல்லு மொட்டை, விளக்கு, அலை. ஒரு லூன் தப்பித் தவறி வந்தாலும் இங்க கால் வைக்குமா?"

"நிஜமாவே வரும்னு இன்னும் நம்பறியா?"

"அவங்க கணக்கப் பாக்கறேன்ல. பக்கத்து ஏரி ஒவ்வொண்ணுலயும் கூடு இருக்கு. எங்க போகப் போறாங்க? ஒரு நாள் வருவாங்க." அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனிதர் அந்தக் கோடையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கரை முழுக்க ஜனம். ஒட்டிலி வெள்ளை முடியும் அகலத் தொப்பியுமாக வந்து இறங்கினார். கூட்டமாகப் போனால் பறவை மிரண்டுவிடும் என்று வெண்டெல் அடித்துச் சொல்லி, தன் துடுப்புப் படகில் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டார். குடா வாயிலில் பிரென்ட் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"அவளக் காப்பாத்துங்கம்மா" என்றான்.

மிதவை நெருங்க நெருங்க வெண்டெலின் துடுப்பு கனத்தது. கோடை மழை விளக்கைச் சும்மா விடவில்லை. வாலோரம் மரம் வெடித்து வாய் பிளந்திருந்தது. பல்பு இருந்த ஓட்டையை அடைத்திருந்த தக்கை ஊறி உப்பி, முதுகில் கொப்புளம் போல எழும்பி நின்றது. இன்னும் கொஞ்சம் போனால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

ஒட்டிலி பைனாகுலரை எடுக்கவே இல்லை. "இன்னும் கிட்டப் போங்க" என்றார்.

போனார். படகு மிதவையில் மெல்ல இடித்தது. பறவை லேசாக ஆடியது, பறக்கவில்லை.

"ஒட்டிலி அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்." வெண்டெல் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். "என்ன வேணும்னாலும் திட்டுங்க, எழுதிக்கோங்க. ஆனா கரையில இருக்கறவங்களப் பாருங்க. இவங்கள இப்படி நான் பாத்ததே இல்ல. ஒரு வருஷம் விட்டுக் குடுங்க. உங்க ஏரியில இருந்து ஒரு ஜோடி, ஒரே ஒரு ஜோடி இங்க வந்து இறங்கற வரைக்கும்..."

ஒட்டிலி கையை நீட்டி, பறவையின் முதுகில் ஒரு வெள்ளைக் கட்டத்தை நகத்தால் சுரண்டி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கரையில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க என்ன பெயிண்ட் அடிக்கறீங்க?" என்றார் தாழ்ந்த குரலில். "நாங்க சுத்துவட்டார ஏரிக்காரங்க அத்தன பேரும் எங்க பறவைங்களுக்கு மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துட்டோம், ஒண்ணுமே ரெண்டு கோடைக்கு மேல நிக்க மாட்டேங்குது."