எம்பிராய்டரிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

மனைவியிடம் பொய் சொல்வது என்று முடிவெடுத்த அன்றைக்குக் காலையிலேயே இளவழகன் கடைக்குப் போய்ப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

இயல்பிலேயே அவன் பயந்த சுபாவம். செஞ்சி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தான். மழை பெய்தால் மூட்டை நனைந்துவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் உரம் வாங்க ஆள் வராதோ என்று பயம். அளவாகப் பெய்தால், இப்படி அளவாகப் பெய்கிறதே, இதில் என்ன சூது இருக்கிறதோ என்று பயம். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவன், பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்க்காத நாள் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனான். எதிரே வந்த லாரிக்கும் பயந்தான், வராத லாரிக்கும் பயந்தான். முதல் நாளே இறங்கி நடந்து வந்துவிட்டான்.

அப்படிப்பட்டவன் சென்னையில் மச்சான் ரஞ்சித் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனான். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். ரஞ்சித் தன் கம்ப்யூட்டரில் ஒரு கார் ரேஸைப் போட்டுவிட்டு, "சும்மா ஓட்டிப் பாருங்க மாமா" என்றான்.

இளவழகன் ஓட்டினான். கடலோரச் சாலை. இருநூறு கிலோமீட்டர் வேகம். பாலத்திலிருந்து கடலுக்குள் விழுந்தான், ஒன்றும் ஆகவில்லை. மலையில் போய் மோதினான், மலைக்குத்தான் சேதம். மனைவி மணிமொழி வந்து தோளைத் தட்டி, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் கடைப் பூட்டை அவன் நினைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருந்திருக்கிறான்.

அந்தச் சுகம் மறுபடி வேண்டும். அதற்கு அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் முன்மண்டை வழுக்கையான உரக்கடைக்காரன், "ரேஸ் ஆடணும், கம்ப்யூட்டர் வாங்கப்போறேன்" என்று எந்த முகத்தோடு வீட்டில் சொல்வான்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். மணிமொழி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்வதில் செஞ்சி, வல்லம் வட்டாரத்தில் அவளுக்கு நல்ல பெயர். பழியை அந்தப் பூவேலையின் மேல் போட்டுவிட்டால் தீர்ந்தது.

"மணி, உனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்."

கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எனக்கா? நான் அத வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"இப்பல்லாம் எம்பிராய்டரி டிசைனு அதுலதான் போட்றாங்க. நீ இன்னும் கார்பன் பேப்பர் வெச்சி வரைஞ்சிக்கினு இருக்கற. பாக்கவே கஷ்டமா இருக்குது."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானே கேட்டேன். தையக்காரிக்கு எதுக்குக் கம்ப்யூட்டருன்னீங்க."

"அது அப்ப."

"இப்ப?"

"இப்ப திருந்திட்டேன்."

மணிமொழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கொக்கியைத் தைக்க ஆரம்பித்தாள். அதற்குமேல் ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். இளவழகன் வாசல்வரை போனவன் திரும்பி வந்து அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனான்.

"ரெடிமேடா வாங்காதீங்க மாமா. பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டுனா அதே காசுக்கு ரெண்டு மடங்கு வேகம்" என்று போனில் ரஞ்சித் சொல்லியிருந்தான். இளவழகன் வீடியோ பார்க்கத் தொடங்கினான். ஒருவர் இதுதான் உலகத்திலேயே சிறந்த பார்ட் என்றார். அடுத்தவர் அதைக் குப்பை என்றார். மூன்றாமவர் இரண்டு பேரையும் குப்பை என்றார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு விசாரிக்கவில்லை.

"நாளைக்குக் கேஸ் வருது மணி."

"முந்தாநாள்தான வந்துச்சு? அதுக்குள்ள எப்படிங்க தீரும்?"

"சிலிண்டர் இல்ல. கம்ப்யூட்டர் வைக்கிற பொட்டி. அதுக்கு அப்பறம் மதர்போர்டு வரும்."

"அது இன்னாது?"

"அதுமேலதான் மத்ததெல்லாம் உக்காரணும். அது சொல்றதத்தான் எல்லாம் கேக்கணும். அது மக்கர் பண்ணா வீடு... அதாவது கம்ப்யூட்டரு ஓடாது."

"அத்தைன்னு சொல்லுங்க" என்றாள் மணிமொழி.

கலர் விளக்கு எரியும் காற்றாடிகளைக் காட்டியபோது, "இந்த லைட்டு எதுக்குங்க?" என்று கேட்டாள். "நூல் கலர் பளிச்சுனு தெரியும்ல" என்றான். "ஆமாமா" என்று தலையாட்டினாள். "ஆடித் திருவிழாவுக்குக் கோயில்ல கேட்டாலும் குடுக்கலாம்."

எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாளே, இவ்வளவு வெள்ளந்தியாக இருக்கிறாளே என்று அவனுக்கு அவள்மேல் பரிதாபமே வந்தது. அவள் செய்த ஒரே தொந்தரவு, இடையிடையே சந்தேகம் கேட்டதுதான்.

முதல் சந்தேகம் பிராசசர் வாங்கும்போது வந்தது. அதுதான் கம்ப்யூட்டருக்கு மூளை. அதிலே இரண்டு வகை. ஒன்று தானே திரையில் படம் காட்டும். இன்னொன்று காட்டாது, அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு மாட்ட வேண்டும். ரேஸ் ஆடுகிறவர்கள் எப்படியும் பெரிய கார்டு மாட்டுவார்கள் என்பதால் இரண்டாவதையே வாங்குவார்கள். கார்டுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த பார்ட். கார் ஓடுவதும், கடல் அலையடிப்பதும் அதன் தயவில்தான். இளவழகனும் இரண்டாவதையே வாங்குவதாக இருந்தான்.

"ஏங்க, படம் காட்ற கார்டுன்னீங்களே, அது கெட்டுப்போனா?"

"கேரண்டி இருக்குது. அனுப்புனா மாத்திக் குடுப்பாங்க."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"ஒரு மாசம்கூட ஆவலாம்."

"ஒரு மாசமும் பொட்டி சும்மாவா கெடக்கும்? ஒண்ணுமே தெரியாதா? இருட்டாவா இருக்கும்?"

கேட்டுவிட்டு அவள் போய்ச் சாம்பாரைக் கிளறினாள். இளவழகன் அங்கேயே நின்றுவிட்டான். இருட்டுத் திரை. முன்னால் உட்கார்ந்திருக்கும் தான். ஒரு மாசம். சோறு இறங்கவில்லை. கையைக் கழுவியதும் முதல் வேலையாகத் தானே படம் காட்டுகிற பிராசசருக்கு ஆர்டரை மாற்றினான்.

அடுத்த வாரம், "ஓடிக்கினு இருக்கும்போது பட்டுனு கரண்ட் போச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் வெந்துடாதுங்களே?" என்று கேட்டாள். "சேச்சே" என்றவன், அன்றைக்கே பெரிய யூபிஎஸ் ஒன்றுக்குச் சொல்லிவிட்டான். ஒன்றென்ன, இரண்டு மிஷினைத் தாங்கும். வேகமான வளைந்த திரை வாங்க இருந்தவனிடம், "அதப் பாத்தா கண்ணு போயிடுமாமே?" என்றாள். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. கண்ணாயிற்றே. கண்ணுக்கு இதமாக, நிறத்தை உள்ளபடி காட்டும் தட்டைத் திரை வந்து சேர்ந்தது.

கடைசியில் கார்டு மட்டும் பாக்கி. கண்ணுக்கு முன்னால், போன் திரையில் இரண்டு கார்டுகள். ஒன்று சூடாகுமாம், செஞ்சியில் பங்குனி வெயிலுக்கு மலைப்பாறையே அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும்போது கார்டு என்னாவது? இன்னொன்று சூடாகாது, ஆனால் சத்தம் போடுமாம். அவன் அதைத் தொடுவான், இதைத் தொடுவான், இரண்டையும் வாங்காமல் விடுவான்.

"அது கெடக்கட்டுங்க" என்றாள் மணிமொழி. "மொதல்ல இருக்கறத மாட்டிப் பாருங்க. ஓடுதா இல்லியான்னே தெரியாம அவ்ளோ வெலையில ஒண்ண வாங்கி மாட்டி, அதுவும் பொகைஞ்சிதுன்னா?"

பொகை என்ற சொல்லே அவனுக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்ட உட்கார்ந்தான். நம் உடம்பிலே ஓடும் மின்சாரம் பார்ட்டைக் கருக்கிவிடும், அடிக்கடி இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். சட்டையைக் கழற்றினான். மரப்பலகைமேல் ஏறி நின்றான். ஒரு திருகு முடுக்குவான், ஓடிப்போய் ஜன்னல் கம்பியைத் தொடுவான், திரும்பி வருவான். ஒன்றும் ஆகக்கூடாது, ஒன்றும் ஆகக்கூடாது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு அன்புக்கரசி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, அண்ணனுக்குக் காத்து கருப்பு எதுனா பட்டுடுச்சா?"

"இல்லம்மா. எனக்குக் கம்ப்யூட்டர் செய்யறாரு."

பிராசசர் மேல் பசை வைக்கும் கட்டம் வந்தது. சூட்டை இறக்குகிற பசை. அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அரிசி அளவா, உளுந்து அளவா, பட்டாணி அளவா? வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"கொழம்புக்கு நான் உப்புப் போட்றதுக்குக்கூட இவ்ளோ யோசிச்சதில்லீங்க" என்றாள் மணிமொழி. "உளுந்து அளவே போடுங்க."

போட்டான். மூடினான். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினான். 'உர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் காற்றாடிகளெல்லாம் நீலமும் ஊதாவுமாகச் சுழல்கின்றன. திரையில் வெளிச்சம். இளவழகன் பலகைமேலேயே ஒரு குதி குதித்தான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தேறியபோதுகூட இப்படிக் குதித்ததில்லை.

"பொண்டாட்டிக்காக இவ்ளோ பாடுபட்றீங்களேண்ணே" என்று அன்புக்கரசி உருகினாள். "எங்க வீட்ல ஒரு ஊசி கேட்டா ஒம்போது கேள்வி கேப்பாரு."

இளவழகன் நெஞ்சை நிமிர்த்தினான். "இன்னும் கார்டு ஒண்ணு பாக்கிம்மா. அதான் முக்கியம். நாளைக்கே சொல்லிடணும்."

"அது இல்லாமயே ஓடுதேங்க" என்றாள் மணிமொழி.

"ஓடுது. ஆனா..."

"ஆனா?"

"அதாவது... பூவு இருக்குது பாரு, அந்த இதழோட நெளிவு..."

மணிமொழி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். எங்கிருந்தோ ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். மவுஸை நாலு தட்டு தட்டினாள். திரை முழுக்க ஒரு மயில் தோகை விரித்தது. ஒவ்வொரு கண்ணும் தனித்தனி நிறத்தில்.

"நெளிவு நல்லாத்தான தெரியுது? நீ சொல்லு அன்பு."

"சூப்பரா தெரியுதுக்கா!"

பக்கத்து வீட்டுக்காரி நிற்கிறாள். இளவழகன் என்ன சொல்வான்? அவனும் நல்லாத்தான் தெரியுது என்றான்.

வியாழக்கிழமை கடையிலிருந்து சாப்பிட வந்தபோது வாசலில் ஒரு மினி வேன் நின்றது. இரண்டு பேர் ஒரு பெரிய மிஷினை முன்னறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். மணிமொழி அதைக் கொண்டுபோய் யூபிஎஸ்ஸின் இரண்டாவது பிளக்கில் சொருகினாள். அளவெடுத்தது மாதிரி இருந்தது.

"இது ஏது மணி?"

"கார்டுக்குன்னு வெச்சிருந்தீங்களே, அந்தப் பணத்த முன்பணமா கட்டிட்டேன். பாக்கிய நான் தெச்சே அடச்சிடுவேன். எல்லாம் உங்க புண்ணியந்தாங்க. திருந்திட்டேன்னீங்களே, அன்னிக்கே நம்பிட்டேன்."

இளவழகன் கைகூடக் கழுவாமல் பின்பக்கம் போய் ரஞ்சித்துக்குப் போன் போட்டான்.

"மச்சான், உங்க அக்காவுக்கு மிஷினப் பத்தியெல்லாம் எப்படிய்யா தெரியும்?"

"தெரியாம இன்னா மாமா? ரெண்டு வருசமா கேட்டுக்கினுதான இருக்குது. கார்டு இல்லாம தானே ஓட்ற பிராசசர் எது, ரெண்டு மிஷின் தாங்குற யூபிஎஸ் எது, நூல் கலரு மாறாமக் காட்ற திரை எதுன்னு. எல்லாம் நான்தான் சொன்னேன். 'இதையெல்லாம் நீயே மாமாகிட்ட சொல்லிடேன்'னேன். 'சொன்னா வாங்க மாட்டாரு, பயந்தா வாங்குவாரு'ன்னுச்சி."

"அந்த ரேஸு?"

"மாமா, இங்க சிக்னலு சரியில்ல" என்று சொல்லி ரஞ்சித் போனை வைத்துவிட்டான்.

முகூர்த்த மாசம் பிறந்தது. முன்னறையில் மிஷின் காலையிலிருந்து 'தடதட'வென்று அடித்தது. தளவானூரிலிருந்துகூடக் கல்யாணப் பெண்கள் ஜாக்கெட் கொடுக்க வந்தார்கள். மயிலும் மாங்காயும் தாமரையும் திரையில் வந்து வந்து போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் ஓய்ந்த நேரம் பார்த்து மணிமொழி நாற்காலியை விட்டு எழுந்தாள். "பாவம், எவ்ளோ ஆசையா செஞ்சீங்க. கொஞ்சநேரம் நீங்க ஆடுங்க."

இளவழகன் ரேஸைப் போட்டான். கடலோரச் சாலை வந்தது. கார் நின்றது. பிறகு வேறொரு இடத்தில் நின்றது. நடுவில் அது ஓடியதை யாரும் பார்க்கவில்லை. கடலில் ஒரு அலை எழும்பி, விழ மறந்து, அப்படியே நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த ஓட்டைக் கார்கள் எல்லாம் அவனைத் தாண்டிப் போயே சேர்ந்துவிட்டன.

அவன் மெதுவாகத் திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பணிவாக அவன் பேசியதில்லை.

"மணி, அந்தக் கார்டு ஒண்ணு மட்டும்..."

மணிமொழி வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். மவுஸைப் பிடித்து ஒரு தட்டு தட்டினாள். பச்சைத் திரையில் வரிசையாகச் சீட்டுக்கட்டு விரிந்தது.

"ஒரு கார்டுக்கா இப்படி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க? இதுல அம்பத்திரண்டு கார்டு இருக்குது, ஆடுங்க."