சேபர் முருகையனுக்கு ஒரு விமானம்

பிளாஸ்டிக் பொம்மை விமானம் மறுபடியும் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"மூக்குல கனம் பத்தல," என்றான் கலியன். அனுமந்தையில் படகு வைத்திருப்பவன், அரவிந்தனின் கூட்டாளி. "இரு, வலையில கட்டுற ஈயக்குண்டு எடுத்தாறேன்."

"உப்பளத்துல ஒக்காந்துக்கிட்டு கனத்துக்கு அனுமந்தைக்கா போவாங்க?"

அரவிந்தன் மூக்குக்குள் ஒரு பிடி உப்பைத் திணித்து ஒட்டினான். விமானம் மூன்று சக்கரத்திலும் நின்றது. வெள்ளி பெயிண்ட் அடித்தான்.

பெருமுக்கல்லில் 'சேபர் முருகையன்' என்றால்தான் தெரியும். பட்டாளத்தில் இருந்தவர். சேபர், எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் பறந்த ஜெட். அவர் மகள் வினோதினியைத்தான் அரவிந்தன் கேட்டிருந்தான். "உப்பளத்துக்காரன் மழைக்காலத்துல என்னா பண்ணுவான்?" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள் வினோதினி. விமானத்தைப் பற்றி அவளிடமும் அவன் மூச்சுவிடவில்லை. தான் ஓட்டிய விமானத்தையே பொம்மையாகச் செய்து கையில் கொடுத்தால் மனுஷன் எப்படி மறுப்பார்?

காலையில் கடல்காற்று அடித்தது. மூக்கு வியர்த்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

"ஜலதோஷம் புடிச்சிருக்குதுடா," என்றான் கலியன்.

காயட்டும் என்று பாத்தி வரப்பில் வைத்தான். உப்பளத்து வெயிலில் ஓர் இறக்கை வாழை இலை போலத் தொங்கிவிட்டது. நிமிர்த்துவதற்காக மெழுகுவத்தியில் காட்டினான். இறக்கை நிமிரவில்லை, நுனி கருகியது. கரியைத் துடைக்கத் தின்னர் தொட்டான். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி புகை மூட்டமானது.

"ஸ்வீட் வாங்கிட்டுப் போடா."

"பேசாம வண்டிய எடு."

பெருமுக்கல்லுக்கு முந்தின வேகத்தடையில், கேக் டப்பாவுக்குள் வைத்திருந்த விமானத்தின் வால் கழன்றது.

முருகையன் கேக் டப்பாவைத் திறந்தார். ஒழுகும் மூக்கைத் தொட்டார். கருகிய இறக்கையைத் தடவினார். வாலை எடுத்துச் சற்றுத் தள்ளி, கோணலாக வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரவிந்தன் டப்பாவை வாங்கக் கை நீட்டினான். "மன்னிச்சிடுங்க. வழியில ஒடஞ்சிடுச்சி. எடுத்துட்டுப் போயி சரியா ஒட்டித் தந்துடுறேன்."

"ஒட்டுன, பொண்ணு கெடையாது."

"ஐயா?"

"எதுலயும் கை வெக்காத, மாப்ள. அப்படியே இருக்கட்டும்."

டப்பாவை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போய்விட்டார்.

அரவிந்தன் ஒன்றும் புரியாமல் நின்றான். வினோதினியின் அம்மா பாஞ்சாலை காபியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அவுரு ஓட்டுன பிளேன இப்படிப் பண்ணிட்டேன், கோவமே வரலையே அத்தை?"

"அவுரு எங்க தம்பி ஓட்டுனாரு? அது எதிரியோட பிளேனு. அவுரு கீழ பீரங்கியில நின்னு அத சுட்டுத் தள்ளுனவரு. வயல்ல விழுந்து கெடந்தப்ப அச்சு அசலா இப்படித்தான் இருந்துதாம்."