மூன்று எண்ணுவதற்குள் வந்த மச்சான்

எங்கள் ஊரில் இன்றைக்கும் நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருக்கும் பேச்சு பாதியில் நின்றுவிடும். உடனே யாராவது ஒருவர், மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா என்று என்னை விசாரிப்பார். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசி மாதத்திலும் இதே விசாரணைதான். என் காதில் விழுவதெல்லாம் ஊருக்குப் போய்விடும் என்று பயம். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்த அக்காவின் குடும்ப விஷயத்தை வீடு வீடாகக் கம்பி வழியே அனுப்பி வைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். மொட்டை மாடிகளில் டிஷ் முளைக்க ஆரம்பித்திருந்த காலம். பி.காமில் மூன்று பேப்பரைப் பாக்கி வைத்துவிட்டு வந்த நான், கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியைப் பிடித்து ஊருக்கு கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ‘கண்ட்ரோல் ரூம்’ என்று பலகை. உள்ளே ஒரு டிஷ் பெட்டி, ஒரு வி.சி.ஆர்., ஒரு டேபிள் ஃபேன். கண்ட்ரோல் மட்டும் எங்கேயும் கிடையாது.

ஊரே அப்போது அமெரிக்கக் குஸ்தியில் பைத்தியமாகியிருந்தது. வாரா வாரம் ஒரு சேனலில் காட்டுவார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பட்டம் யாருக்கு என்று முடிவாகும் பெரிய மேட்ச் மட்டும் வராது. வெளிநாட்டில் அந்த ஒரு ஆட்டத்துக்கென்று தனியாகப் பணம் கட்டினால்தான் பெட்டியில் படமே தெரியுமாம். மாதக்கணக்கில் சண்டையை மூட்டிவிட்டு, முடிவை அங்கே வந்து பார்த்துக்கொள் என்று சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? டீக்கடை கோவிந்தராஜ் அண்ணன் ‘மஞ்சள் ஜட்டி’ கட்சி. நான் ‘மொட்டையன்’ கட்சி. (இவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. எங்கள் ஊருக்கு இதுவே போதுமாக இருந்தது.) அடிப்பதும் விழுவதும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது என்று அப்போது எவனாவது சொல்லியிருந்தால் நான் அவனைக் கடித்திருப்பேன்.

இந்த இடத்தில்தான் சிராஜ் மச்சானின் ஞாபகம் வந்து தொலைத்தது. என் லாத்தா ஹமீதாவின் வீட்டுக்காரர். (அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அப்பாவை அத்தா.) துபாயில் மேனேஜர். அப்படித்தான் அவருடைய அம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்வார். கறுப்புக் கண்ணாடியோடு வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்கும் மச்சானின் போட்டோ மாமி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும். அவருக்கு எழுதினேன்: ‘அந்தப் பெரிய மேட்ச்சை எப்படியாவது கேசட்டில் பிடித்து அனுப்புங்கள் மச்சான், இது என் தொழிலின் எதிர்காலம்.’

வெளிநாட்டுக்குப் போனவர் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்தில் அடங்காததை டேப் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கேசட் வந்த அன்று டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து, மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பெண்டாட்டி அடுப்படி நிலையில் நின்று கேட்பாள். ஆகையால் எந்தப் புருஷனும் அந்தக் கேசட்டில் ‘எல்லாரும் நலமா, மழை உண்டா’ என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. இந்த வழக்கத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவன். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குக்கூட என் மண்டையில் ஓடவில்லை பாருங்கள்.

விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் மச்சான் அந்த வீடியோ கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் அவர் வீட்டு வாசலில் நின்றேன். “லாத்தா வீட்லதாம்பா குடுக்கச் சொன்னாரு” என்று அவர் தயங்கினார். “எல்லாம் ஒரே வீடுதான்” என்று வாங்கிக்கொண்டேன். மேலே மச்சான் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது: ‘ஹமீதாவுக்கு. கடைசி வரை பார்க்கவும்.’

லாத்தா கோழி அறுப்பதையே பார்க்க மாட்டாள். அவளை எதற்குக் குஸ்தியைக் கடைசி வரை பார்க்கச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கடைசி மேட்ச் அவ்வளவு பிரமாதம் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். (இந்த மூளைக்குத்தான் பி.காமில் மூன்று பேப்பர் பாக்கி.) படம் தெளிவா என்று பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. மிச்சத்தை ஊரோடு சேர்ந்து பார்ப்போம் என்று ஆசையாக நிறுத்திவிட்டேன்.

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். “ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்கு! அமெரிக்காவிலிருந்து நேரடி ஒளிபரப்பு!” நடந்து ஒரு மாதமாகிவிட்ட ஆட்டம். ஆனாலும் நேரடி என்று சொன்னால்தான் ஒரு கெத்து. தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். லைன்மேனும் மொட்டையன் கட்சி என்பதால், அன்றைக்கு ஒரு நாள் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாழ்க்கையில் எனக்குக் கொடுத்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே மனிதர் அவர்.

ஞாயிறு மதியம் கேசட்டைப் போட்டுவிட்டு, யாரும் உள்ளே வந்து கை வைக்கக் கூடாதென்று கண்ட்ரோல் ரூமைப் பூட்டினேன். ஊரின் அந்தக் கோடியில் இருந்த மாமி வீட்டுக்குப் போனேன். அங்கேதான் பெரிய டிவி. கூடத்தில் நாற்பது பேர். வயலிலிருந்து நேரே வந்தவர்கள் கால் சேற்றோடு வாசப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். “நம்ம மவன் அனுப்புனதுல்ல” என்று மாமி எல்லாருக்கும் தன் கையாலேயே ரோஸ்மில்க் கொடுத்தார். ஹமீதா லாத்தா வழக்கம்போல அடுப்படி நிலையில் நின்றாள்.

இரண்டே முக்கால் மணி நேரம் நான் ராஜா. கடைசி மேட்ச்சில் மொட்டையன் மஞ்சள் ஜட்டியைத் தூக்கிப் போட்டு மேலே விழுந்தான். மூன்று எண்ணும் வரை கீழே கிடப்பவன் திமிறாவிட்டால் மொட்டையனுக்குத்தான் பட்டம். நடுவர் தரையில் படுத்துக் கையால் அடித்து எண்ணினார். கூடமே சேர்ந்து எண்ணியது. “ஒண்ணு! ரெண்டு!”

திரையில் கோடு கோடாக ஓடியது. பிறகு சிராஜ் மச்சான் வந்தார்.

பனியனும் கைலியுமாக ஓர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கயிற்றில் ஏழெட்டுப் பேரின் துணிகள் காய்ந்தன. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் நேரடி ஒளிபரப்பு என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மாமி பூரித்துப்போனார்.

“எம் மவன் அமெரிக்காவுக்குக் குஸ்தி பாக்கப் போயிருக்கானா!”

மச்சான் கேமராவை நெருங்கி வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“ஹமீதா, கதவச் சாத்திட்டியா? பக்கத்துல யாரும் இல்லையே?”

நாற்பது பேரும் டிவிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். லாத்தா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டேப்புல பேசுனா அம்மா கேட்டுருவாங்க. குஸ்தின்னா வீட்ல யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான் இதுக்கு மேலயே புடிச்சிருக்கேன். ஹமீதா, நான் மேனேஜர் இல்ல.”

நான் ஓடினேன். டிவியை அணைத்திருக்கலாமே என்பீர்கள். அந்த ஒரு டிவியை அணைத்து என்ன பயன்? என் சைக்கிளை எவனோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினேன். ஞாயிறு மதியம், வெறிச்சோடிய தெரு. அத்தனை ஜன்னலும் திறந்திருந்தது. அத்தனை ஜன்னலிலிருந்தும் மச்சானின் குரல். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் எனக்கு முன்னாலேயே அடுத்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்.

தையல்கடைக்காரர் வீட்டைத் தாண்டும்போது, “லாண்டரில இஸ்திரி போடுறேன். காலைல ஆறு மணிக்கு நின்னா ராத்திரிதான் உக்காருவேன்” என்றார்.

வாத்தியார் வீட்டைத் தாண்டும்போது, “அந்த போட்டோல நான் சாஞ்சு நிக்கிற காரு யாருதுன்னே தெரியாது. எடுத்துட்டு ஓடி வந்துட்டோம்” என்றார்.

வாய்க்கால் மதகுப் பக்கம் நான்கைந்து குடிசைகள். பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் நடவுப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் மச்சான் வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சுட்டுக் கறுத்துப்போன விரல்கள். “அய்யோ, பாவமே” என்று ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு அப்போதே நின்றுவிடலாம் போலிருந்தது, அழுகை வந்தது. ஆனாலும் ஓடினேன்.

கோவிந்தராஜ் அண்ணன் டீக்கடையில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. நான் இடித்துத் தள்ளிக்கொண்டு நுழையும்போது மச்சான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உன் தம்பி நசீர இங்க அனுப்பணும்னு உங்க அத்தா எழுதியிருக்காரு. வேணாம். அவன் நல்ல பயதான், ஆனா ஒரு வேலையும் உருப்படியா செய்யமாட்டான். இந்தக் கேசட்டு மட்டும் அவன் கைக்குப் போவாம பாத்துக்க.”

டீக்கடை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கோவிந்தராஜ் அண்ணன் வழி விட்டார்.

மாடிப்படி ஏறி, சாவியை இரண்டு தடவை கீழே போட்டு, ஒருவழியாகக் கதவைத் திறந்தேன். சின்ன டிவியில் மச்சான் அழுதுகொண்டிருந்தார். “நான் வந்துடட்டுமா ஹமீதா? நீ வான்னு ஒரு வரி எழுதிப் போடு, வந்துடுறேன். வேணாம்னா இருந்துக்குறேன். உன்னைய மட்டுந்தான் கேக்குறேன். நீ என்ன சொல்...”

பட்டனை அமுக்கினேன். அது ஸ்டாப் இல்லை, படத்தை நிறுத்தி வைக்கும் பாஸ்.

வாயைத் திறந்தபடி, கண்ணில் நீரோடு, மச்சான் ஊர் முழுக்க அப்படியே உறைந்து நின்றார். நான் எல்லாப் பட்டனையும் குத்தினேன். அவர் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த முகம்தான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கீழே அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். திட்டப் போகிறார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எட்டிப் பார்த்தேன். “யாருடா ஜெயிச்சா? மூணு எண்ணுனானா இல்லையா?” என்று கத்தினார்கள். அதைவிட அவர்கள் கல்லெறிந்திருக்கலாம்.

ஆனால் பெரிய நாசம் இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. நேரடி ஒளிபரப்பு என்று நான் சொன்னதை நம்பிய மாமி, மகன் இந்த நிமிஷம் எங்கேயோ உட்கார்ந்து அழுகிறான் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியிருக்கிறார். மச்சான் ‘ஆபீஸ்’ என்று கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டால், அது அந்த லாண்டரி. கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற மச்சானிடம் மாமி கேட்டது பூத்துக்கு வெளியே வரை கேட்டதாம்.

“ஏம்ப்பா அழுவுற? அழுவாதப்பா, ஊரே பாத்துக்கிட்டிருக்கு!”

அந்தப் பக்கம் மச்சான் போனை வைத்துவிட்டாராம்.

நான் மாமி வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமி போட்டோவுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்தார். லாத்தா ரோஸ்மில்க் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது டம்ளர். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“நான் வாங்கன்னு சொல்லியிருப்பேன் தம்பி. என்னைய மட்டுந்தானே கேட்டாரு. அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள ஊரையே கூட்டிட்டியே.”

செவ்வாய்க்கிழமை தபாலில் மச்சானின் கடிதம் வந்தது, கேசட்டுக்கு முன்பே எழுதியது. கேசட் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் பார் என்று ஒரே ஒரு வரி. லாத்தா ‘வாங்க’ என்று எழுதித்தான் போட்டாள், ஒரு தடவை அல்ல, மாதா மாதம். மச்சான் வரவில்லை. எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன் என்று பதில் எழுதினார். ஏழு வருஷம் வரவில்லை. அவர் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள், வரும்போது ஐந்தாவது படித்தாள். எனக்கு இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. சிரிப்பதெல்லாம் என் குடும்பத்தார்தான்.

கேபிளை நான் அந்த மாதமே விற்றுவிட்டேன். திரும்பி வந்த மச்சான் நன்னிலத்தில் சொந்தமாக ஒரு லாண்டரி போட்டார். இந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ளைகள் சட்டையெல்லாம் இன்றைக்கும் அவர் கைதான். எங்கள் குடும்பத்தில் யார் எந்த ரகசியத்தை ஆரம்பித்தாலும் முதலில், “கதவச் சாத்திட்டியா? நசீர் இல்லையே?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனாரே கேட்டார்.

என்னை மன்னித்துவிட்டதாக மச்சான் என்றைக்கோ சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தைத் தவிர. அந்த மேட்ச்சின் முடிவை, கேசட்டில் அவர் பேச்சுக்கு அடியில் அழிந்துபோன அந்த மூன்றாவது எண்ணிக்கையை, அவர் அன்றைக்குப் பார்த்தவர். அறையில் எட்டுப் பேர் சேர்ந்து பணம் கட்டிப் பார்த்தார்களாம். இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு பெருநாளுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்பேன், “சொல்லுங்க மச்சான், யாரு ஜெயிச்சா?” எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள். அவர் கறியை நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொல்வார்.

“எங்கிட்ட ஊருக்குத் தெரியாதது அது ஒண்ணுதான் மச்சான் மிச்சம் இருக்கு. அதையாவது நான் வச்சிக்கிறேன்.”

போன பெருநாளில் என் மகன், “இதெல்லாம் செல்போன்ல ஒரு நிமிஷத்துல பாத்துடலாம் அத்தா” என்று எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். நான் எட்டி அதைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதிரே லாத்தா என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டுப் போனாள்.