டொலருக்கு வைத்த பொட்டு

ஒரு வீட்டில் படித்தவன் ஒருவன் இருந்துவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு எதிரி தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பதவியை வகித்தவன் நான். பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்துவிட்டு, ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. (என் சொந்தப் பையில் பஸ் காசுக்கு மேல் இருந்ததில்லை. அடுத்தவர் காசைப் பற்றிப் பேச அது ஒரு தடையா என்ன?)

என் அக்கா செல்வி குவைத்தில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்தவள். மாதாமாதம் வங்கி மூலம் ஒழுங்காகப் பணம் அனுப்பினாள். இனிமேல் போவதில்லை என்று ஊர் திரும்பத் தயாரானபோது அவள் கையில் ஒரு பெரிய தொகை சேர்ந்திருந்தது. ராகலை டவுனுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்துக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டியாகிவிட்டது. மீதியைக் குறித்த திங்கட்கிழமை கட்டாவிட்டால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும். கட்டிவிட்டால், மிஞ்சுவதில் ஒரு சின்ன வீடு எழுப்பி, அம்மாவைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

"தம்பி, எப்பவும் போல பேங்குலயே போட்டு விட்டுர்றேன்டா," என்று வட்ஸ்அப்பில் சொன்னாள் அக்கா.

நான் விடுவேனா? வங்கி தரும் விலைக்கும் நாணயம் மாற்றும் கடை தரும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டுக் குரல்பதிவுகளில் விளக்கினேன். "பேங்க்காரன் ஒன்பது வருஷமா உன்னைய தின்னுக்கிட்டு இருக்கான்க்கா," என்றேன். டவுனில் வங்கிக்குத் தெரியாமல் வெளிநாட்டுப் பணம் கைமாற்றும் உண்டியல்காரர் ஒருவர் இன்னும் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். அது சட்டவிரோதம், நான் ஆசிரியர் என்று அவரிடம் விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் திட்டம் படு சுத்தம். குவைத்திலேயே தினாரை டொலராக மாற்றிக் கையோடு கொண்டு வருவது, விமான நிலையத்தில் அறிவித்துவிடுவது, இங்கே நல்ல விலைக்கு ரூபாயாக மாற்றுவது. (இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை வெட்டு விழும் என்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. நான் உயர்தர வகுப்பு ஆசிரியர். அந்தச் சில்லறையெல்லாம் நான் பார்ப்பதில்லை.)

அக்கா பணத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். விமானத்திலும் தூங்கவில்லை, பஸ்ஸிலும் தூங்கவில்லை. "புள்ளத்தாச்சி மாதிரி வந்தேன்டா," என்றபடி கட்டை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா அதைத் தாம்பாளத்தில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். சந்தனம் குழைத்தாள், குங்குமம் எடுத்தாள். "மேல இருக்கிற ஒன்னுக்கு வச்சா போதும் தம்பி," என்றாள்.

"அதெப்படிம்மா? லட்சுமின்னா எல்லாமே லட்சுமிதான். ஒன்னுக்கு வச்சு மத்ததை விட்டா நல்லாவா இருக்கும்?"

சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்தேன். நூறு டொலர் தாளில் ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். அகலமான, வழுக்கை ஏறிய நெற்றி. அப்படியொரு நெற்றியைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். கட்டு முழுவதும்.

"டேய், அழுக்கானா எடுப்பாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"காசுக்கு ஏதுக்கா அழுக்கு?" என்றேன். (இந்தப் பொன்மொழியை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.)

திங்கட்கிழமை காலை நானும் அக்காவும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினோம். நாங்கள் போனது லைசன்ஸ் வைத்து நாணயம் மாற்றும் ஒரு நகைக்கடைக்கு. முதலாளி ஹாஜியார் கட்டைப் பிரித்தார். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவதைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இவரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றார். "கறை பட்ட நோட்டு வெளியில போகாது. பேங்குல கேட்டுப் பாருங்க."

எட்டுக் குரல்பதிவுகளில் நான் திட்டித் தீர்த்த அதே வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். காலையில் கும்பிட்டுவிட்டு வந்ததால் என் நெற்றியிலும் பொட்டு. என் நெற்றியையும் தாளின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மே சல்லி கோவிலடத?" கோயிலுக்கான பணமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு கட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே குழாயடியில் கைக்குட்டையை நனைத்து நான்கைந்து தாள்களைத் துடைத்துப் பார்த்தேன். குங்குமம் போகவில்லை, பரவியது. மறுபடி ஹாஜியாரிடம் போய் நின்றபோது அவர் பெருமூச்சு விட்டார். "முந்திப் பொட்டு மட்டும்தான் இருந்திச்சு. இப்ப யாரோ மண்டையை உடைச்ச மாதிரி இருக்காரே தம்பி."

அக்காதான் முன்னால் வந்தாள்.

"ஹாஜியார், இன்னைக்கு காசு கட்டலைன்னா நெலம் போயிரும். ஒன்பது வருஷம் பாத்திரம் கழுவின காசு. என்ன குடுப்பீங்கன்னு சொல்லுங்க."

அவர் கல்குலேட்டரைத் தட்டினார். கொழும்புக்கு அனுப்பி, அங்கே எடுக்கிற ஆளைத் தேடித்தான் மாற்ற வேண்டும், அவருக்கும் செலவு இருக்கிறது என்றார். சொன்ன விலை வங்கி விலையைவிட நன்றாகக் கீழே. அக்கா பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். மாலைக்குள் நிலத்துக்காரர் கையில் பணம் போய்ச் சேர்ந்தது. நிலம் தப்பியது.

பஸ்ஸில் அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ராகலை நெருங்கும்போது மட்டும் சொன்னாள்: "எட்டு வொய்ஸ் அனுப்புனியே. அதுல ஒன்னுலயாவது பொட்டு வைக்காதன்னு நீயே உனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

வீடு கட்டினோம். அம்மா லயத்தை விட்டு வந்துவிட்டாள். சுவர், கதவு, ஜன்னல், அடுப்படி எல்லாம் ஆயிற்று. பின்பக்கத்துக் குளியலறைக்குக் கூரை போடும் நேரத்தில் காசு தீர்ந்துவிட்டது. ஹாஜியார் வெட்டிக்கொண்ட தொகை கிட்டத்தட்ட அந்தக் கூரைதான். நான் போடுகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "நீ மிச்சம் புடிச்சது போதும்டா," என்று அக்கா சம்மதிக்கவே இல்லை. ராகலையின் மழை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு கறுப்புக் குடை தொங்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்து குளிக்கப் போனால், அக்கா சோப்பையும் துண்டையும் கொடுத்துவிட்டு, அந்தக் குடையையும் எடுத்து நீட்டுவாள்.

"இதையும் புடிங்க. எங்க தம்பி மிச்சம் புடிச்சுக் குடுத்த காசு."