போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாத இடம்

எதையும் எண்ணிப் பார்க்கிறவன் சூதாட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பிழை. எண்ணுகிறவன்தான் அதிகம் ஆடுவான். ஆடும் நேரம் முழுவதும் தான் கணக்குத்தான் பார்க்கிறேன் என்று அவனுக்கு நினைப்பு.

ஊரில் நான் கணித ஆசிரியர். சுண்டிய நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒன்பது முறை தலை விழுந்தாலும் பத்தாவது முறை பூ விழவேண்டிய கடமை அதற்கு இல்லை என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். அதே நான், மொன்றியலில் ஓய்வு பெற்ற பிறகு, கசினோவில் இடது வரிசையின் நாலாவது சூதாட்ட மெசின் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்று முழுமனதாக நம்பினேன். (என்னைக் கண்டதும் அது ஒரு மாதிரிச் சிரிக்கிறது என்றுகூட நினைத்ததுண்டு.)

பின்னேரங்களில் பேத்தி ஆரணியைக் கார்டெரியிலிருந்து கூட்டிவருவது என் பொறுப்பு. பகலில் சின்னப்பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். செயின்ட்-மிஷேலில் நாங்கள் கீழ்வீட்டில், மகள் தர்சினி குடும்பம் மேல்வீட்டில். அவள் வேலையால் வரப் பிந்தும். ஒரு மாசி மாதப் பின்னேரம் நான் பிள்ளையைக் கூட்டப் போகவில்லை. நாலாவது மெசினுக்கு முன்னால் இருந்தேன். தொலைபேசியின் சத்தத்தை நானே நிறுத்தி வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பதினேழு அழைப்புகள்.

தர்சினி ஓடிப்போய்ச் சேரும்வரை ஆரணி குளிர்ச் சப்பாத்து, தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி வாசலில் கிடந்த நீள வாங்கிலில் இருந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்களாம்.

"அப்பா, நான் சண்டை பிடிக்க வரேல்லை," என்றாள் தர்சினி. "இனி ஆரணியைக் கூட்ட வேறை ஆள் பாக்கிறன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் வழியில்லாமல் போயிற்று.

ஒரு கிழமை கழித்து மனைவி கமலா பேச்சை எடுத்தாள். "என்னை உள்ளை விடாதேங்கோ எண்டு கசினோவிலை எழுதிக் குடுக்கலாமாம். தர்சினி விசாரிச்சவள். குடுத்திட்டு வந்தால் பேந்து பிள்ளையை விடுறதைப் பற்றி யோசிப்பாளாம்."

"என்னை மறிக்கச் சொல்லி நானே கேக்கிறதோ?"

"ஓம். நாங்கள் மறிச்சு நீங்கள் நிண்டனீங்களோ?"

கசினோ அலுவலகத்துக்குப் போனோம். கமலாவும் சேலைக்கு மேலே குளிர்க்கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். சன்னல் இல்லாத ஒரு சிறிய அறை. கூரையில் ஆறு விளக்குகள். பொறுப்பான பெண்ணுக்கு என் மகளை விடக் குறைந்த வயது. மிகவும் மரியாதையாக எல்லாவற்றையும் விளக்கினாள். படம் எடுக்க வேண்டும் என்றாள். கமெராவைக் கண்டதும் என் முகம் தன்பாட்டில் சிரித்தது.

"என்னப்பா, கலியாண வீட்டுக்கோ வந்தனீங்கள்? வாயை மூடுங்கோ," என்றாள் கமலா.

அடுத்தது, எத்தனை காலம் என்ற கேள்வி. அதை நாமே தெரிவு செய்யலாமாம். நான் ஆகக் குறைந்ததைச் சொன்னேன். கமலா கூட்டினாள். நான் கொஞ்சம் ஏறினேன். அவள் இன்னும் கூட்டினாள். மீன்கடையில் வாழ்நாள் முழுவதும் குறைத்துக் கேட்ட பெண், அன்றுதான் முதன்முறையாகக் கூட்டிக் கேட்டாள். கடைசியில் ஆகக் கூடிய காலத்தில் வந்து நின்றது.

"அது முடியமுன்னம் நான் முடிஞ்சிடுவன்," என்றேன்.

"நல்லதாப் போச்சு. திரும்ப வந்து கையெழுத்து வைக்கிற அலைச்சல் இல்லை."

கையெழுத்து வைத்தேன். எழுந்தேன். அந்தப் பெண்ணின் மரியாதைக்குப் பதில் மரியாதை செய்யவேண்டும் என்று தோன்றியது. இரண்டு கைகளையும் கூப்பி, இரவு வகுப்பில் படித்த பிரெஞ்சில், ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்: "போயிட்டு வாறன்."

அவள் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்களைத் திரும்ப இருக்கச் சொன்னாள். இனி வர முடியாது, வந்தால் வாசலிலேயே மறிப்பார்கள், இந்த முடிவில் நான் உறுதியாக இருக்கிறேனா என்று ஆரம்பத்திலிருந்து கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விளங்கிக்கொண்டேன், நன்றி என்றேன். எழுந்தேன். கதவடியில் திரும்பி, "சரி, போயிட்டு வாறன்," என்றேன்.

(எழுபத்து நாலு வருடப் பழக்கம். அது மூளையைக் கேட்டுவிட்டு வாயால் வருவதில்லை.)

மூன்றாம் முறையும் இருந்தோம். இப்போது அவள் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள். உளவளத் துணை தேவையா என்று கேட்டாள். எங்கள் மொழியில் விடைபெறும் முறை இதுதான், வருவேன் என்று இதற்குப் பொருள் இல்லை என்று விளக்கினேன். அவள் சிரித்துவிட்டாள். ஆறுதலாக எழுந்து, கை தந்து, "ஓ ரெவுவார்," என்றாள்.

வாத்தியார் புத்தி விடுமா? "அதற்கும் மீண்டும் சந்திப்போம் என்றுதானே பொருள்?" என்றேன்.

அவள் ஒப்புக்கொண்டாள். சந்திக்கவே போவதில்லை என்ற பொருளில் ஒரு சொல் தங்களிடம் உண்டு, ஆனால் அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை என்றாள்.

"எங்களிட்டையும் ஒண்டு இருக்கு," என்றாள் கமலா தமிழில். என் பக்கம் திரும்பினாள். "போறன் எண்டு சொல்லுங்கோ."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. தர்சினி சின்னவளாக இருந்தபோது "போறன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் புறப்பட்டால், கமலா திருப்பிக் கூப்பிட்டு, தண்ணி குடிக்க வைத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் விடுவாள். திரும்பி வராதவர்கள் சொல்லும் சொல் அது என்பாள். இப்போது அவளே அதைச் சொல்லச் சொல்கிறாள்.

"கமலா..."

"சொல்லுங்கோ. பிள்ளை அண்டைக்கு எவ்வளவு நேரம் வாங்கிலிலை இருந்தது?"

சொன்னேன். "போறன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கசினோத் தீவிலிருந்து வீட்டுக்கு வரும் பாலத்தைத் தாண்டும்வரை நான் ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட எண்ணவில்லை. கமலா கையுறையால் கண்ணைத் துடைத்துவிட்டு, குளிர் என்றாள்.

தர்சினி உடனே நம்பவில்லை. அது அவளுடைய நியாயம். பனி கரைந்த பிறகு ஒருநாள் படியிறங்கி வந்து, "ஆரணிக்குக் கூட்டிவர அம்மப்பாதான் வேணுமாம்," என்றாள்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் கமலாவின் குரல் வரும்.

"என்னப்பா, போறியளோ, போயிட்டு வாறியளோ?"

"போயிட்டு வாறன்."

"ஆரோடை?"

"ஆரணியோடை."

"அப்ப சரி."

தர்சினி வீட்டில் இருந்தால் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆனால் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை அவளும் சிரிப்பதில்லை.