சுண்ணாம்பு மைனியின் மாடிப்படி

குமரி மாவட்டத்திலேயே அதிகமான வீடுகளை எழுப்பியவர் யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு காண்டிராக்டர் பெயரைச் சொல்வார்கள். எல்லாம் தப்பு. சுண்ணாம்பு மைனிதான். ஒரு செங்கல் வைக்காமல், ஒரு கொத்தனாரைக் கூப்பிடாமல், காலைக் காப்பி ஆறுவதற்குள் ஒரு காலனியையே எழுப்பிவிடுவார். மழை பெய்தால் கரைந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

அவர் வீடு கட்டியது சுண்ணாம்புப் பொடியில். கபடிக்குக் கோடு போடுவார்களே, அதே பொடி. ஏழைகளுக்கென்று அரசுத் திட்டத்தில் வருகிற வீடு காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மைனி அதை, சொன்ன அளவு மாறாமல் தரையில் வரைந்துவிடுவார். பிறகு அதற்குள் ஆட்களை இறக்கி, "இப்பம் குடியிருங்கோ பாப்பம்" என்பார். கோடுதான் சுவர். கோட்டை மிதித்தவன் சுவரில் முட்டிக்கொண்டவன். அவனுக்கு மன்னிப்பே கிடையாது.

பூதப்பாண்டிக்காரர். சென்னையில் நகரமைப்பு படித்து, அங்கேயே வீட்டுவசதிக் கொள்கைகளை எழுதிக் கொடுக்கிற நிறுவனம் ஒன்றில் பல வருஷம் குளுகுளு அறையில் இருந்தவர். தான் எழுதிய அளவில் கட்டிய ஒரு வீட்டுக்குள் ஒருநாள் போய்ப் பார்த்தாராம். திரும்பி வந்து ராஜினாமா கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். நாகர்கோவில் வடசேரியில், குடிசைவாசிகளின் வீட்டுரிமைக்காக வேலை செய்கிற எங்கள் சின்ன அமைப்புக்கு அப்படித்தான் தலைவியாக வந்து சேர்ந்தார். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மொட்டைமாடி, அதுதான் அமைப்பு. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் மைனி என்போம். சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் குடிசை போட்டிருந்த சனங்கள்தான் அவருக்கு அந்த உறவையும் பெயரையும் கொடுத்தார்கள். அலுவலகத்தில் கொஞ்ச நாள் 'மேடம்' என்று சொல்லிப் பார்த்தோம். ஒட்டவில்லை.

அங்கே அறிக்கை எழுதுகிற வேலைக்கு நான் போனேன். சான்றிதழ் அடுக்கோடு மொட்டைமாடிக்கு ஏறினால், தரை முழுக்க வெள்ளைக் கோடுகள். நடுவில் ஓர் அம்மாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார். நேரே போய் வணக்கம் சொன்னேன்.

"சுவரு வழியா வந்துட்டியே மக்கா," என்றார். "வாசல் அந்தப் பக்கம்லா."

வெளியே போய், வாசல் என்று அவர் காட்டிய இடைவெளி வழியாக மறுபடி வந்தேன்.

"செருப்ப எங்க கழத்துவ?"

யோசித்து ஒரு மூலையைக் காட்டினேன்.

"அது அடுக்களை."

வேறு மூலையைக் காட்டினேன்.

"அது கக்கூசு. கதவு தொறக்கதுக்கே எடம் இல்ல, இதுல ஒனக்க செருப்பு வேறயா?"

கடைசியில் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "நாளையில இருந்து வந்துரு. அறிக்கையில மொதல்ல இத எழுது," என்றார். சான்றிதழை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

வீட்டில் அப்பாவுக்கு இந்த வேலை புரியவில்லை. "வீடு இல்லாதவனுக்கு வீடு வாங்கிக் குடுக்கதுக்கு ஒரு வேலையாலே? நாமளே வாடகைக்குத்தானே கெடக்கோம்," என்றார். அம்மா அக்கம்பக்கத்தில், "வீட்டுவசதியில இருக்கான்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். விளைவு, தெருவில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "தம்பி, எறச்சகுளம் பக்கம் அஞ்சு சென்ட் வந்தா சொல்லு" என்று ஆரம்பித்தார்கள். கொள்கை, திட்டம், உரிமை என்று நான் விளக்குவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, கெழக்கப் பாத்த மனையா இருந்தா கொள்ளாம்" என்பார்கள்.

மைனிக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. உலகத்தில் எல்லோரும் வீட்டுவசதித் துறையில்தான் இருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்த மேடை ஏறியவர், அட்சதை போடாமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அடி வைத்து அளந்தார். பிறகு பெண்ணின் தகப்பனாரிடம் போய், "அண்ணாச்சி, ஒங்க மேடை சர்க்கார் வீட்ட விடப் பெரிசு. ஒரு குடும்பத்தக் குடி வைக்கலாம்" என்றார். அவர் சீர்வரிசையில் ஏதோ குறை சொல்கிறார்கள் என்று நினைத்து வெலவெலத்துப் போய்விட்டார். சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் எங்கள் பந்தி முடிந்து பாயசம் தீர்ந்திருந்தது.

டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். கூட்டத்தில் நின்றுகொண்டே, "இந்தக் கம்பியில இருந்து டிரைவர் சீட்டு வர ஒரு வீடு. அஞ்சு பேரு ஒறங்கணும். பெரியவரே, நீங்க நிக்கது அடுக்களை" என்று பாகம் பிரிப்பார். கண்டக்டர் சளைத்தவர் இல்லை. "மைனி, அடுக்களையில நிக்கவங்க எல்லாரும் டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்பார்.

சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சானல் கரைக் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பதிலுக்கு வீடு தருகிறார்கள். ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. சனங்கள் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வடசேரிச் சந்தையில் பூக்கட்டி விற்கிற கனகம் சொன்னாள்: "விடியக்காலம் பூ எடுக்கணும் மைனி. அங்ஙண இருந்து மொத பஸ்ஸு வரும்போ இஞ்ச பூ தீந்துரும். அதுபோட்டு, அத்தைக்கு மாடி ஏற ஏலாது."

நான் மனு எழுதினேன். நல்ல மனுக்கள். கொள்கையிலிருந்து பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டியிருந்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்துகொண்டே இருந்தது. நான் சோர்ந்துவிட்டேன். மைனி சோரவில்லை. "மனுவப் படிக்க வர மாட்டாவ. தொறப்பு விழான்னா வருவாவ," என்றார்.

'மாதிரி வீடு திறப்பு விழா' என்று அழைப்பு போனது. சொன்னபடியே, அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய அதிகாரி இரண்டு என்ஜினீயர்களோடு வந்து இறங்கினார். சானல் கரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம். இரண்டு கம்புகளுக்கு நடுவே சிவப்பு ரிப்பன். அவர் கத்தரித்தார், எல்லோரும் கை தட்டினோம். ஓர் அடி முன்னால் வைத்துச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வீடு எங்கம்மா?"

"உள்ளதான் நிக்கியோ சார்," என்றார் மைனி.

தரை முழுக்க நாலு மாடியின் திட்டமும் வரைந்து கிடந்தது. மாடிப்படி தனியாக, திருப்பங்களோடு, அகலம் மாறாமல். அதிகாரி நல்ல மனிதர். கோபப்படாமல் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். இரண்டு தரம் சுவரில் முட்டினார். இரண்டு தரமும் சுற்றி நின்ற பெண்கள் "இடிச்சாச்சு" என்று சொன்னார்கள். அப்போதுதான் கனகம் கேட்டாள்.

"சார், எங்க அத்த நாலாவது மாடியில வச்சு செத்துப்போனா எப்படிக் கீழ கொண்டுவாரது?"

"நல்ல நாள்ல ஏம்மா இதெல்லாம்? படி இருக்கு, நாலு பேர் தூக்கிட்டு வந்திடலாம்."

இந்த வார்த்தைக்குத்தான் மைனி காத்திருந்தார் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்து பெஞ்சைக் கொண்டுவரச் சொல்லி அதில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். "நான் செத்தாச்சு. தூக்குங்கோ சார்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கனகத்தின் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "சாவப்போறது நான். அவ எதுக்குக் கெடக்கா?" என்று முணுமுணுத்தாள்.

இரண்டு என்ஜினீயர்கள், நான், வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக்காரர். நாலு பேரும் தூக்கினோம். முதல் படிக்கட்டு வரிசை எப்படியோ இறங்கிவிட்டது. திருப்பத்தில் பெஞ்ச் திரும்பவில்லை. முன்னால் போனால் என் முதுகு சுவரில், பின்னால் வந்தால் என்ஜினீயர் வெளியே.

"தலப் பக்கத்தத் தூக்கிப் பிடிங்கோ," என்றது பிணம்.

"மேடம், நீங்க பேசக் கூடாது. இறந்துட்டீங்க," என்றார் என்ஜினீயர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"சவத்த பையத் தூக்குலே," என்று டீக்கடைக்காரர் என்னைத் திட்டினார். எங்கள் ஊரில் சவம் என்பது எதற்கும் சொல்கிற வசவு. அன்றைக்கு மட்டும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

பெஞ்சைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தோம். மைனி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் நின்றார். "செத்தவ எறங்கி நடக்கணும், அப்படித்தானா?" என்றார்.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, "தள்ளுங்க, நான் பிடிக்கிறேன்" என்று ஒரு மூலையைப் பிடித்தார். மைனி மறுபடி படுத்தார். அதிகாரி பிடித்தும் திரும்பவில்லை. அவர் பெஞ்சை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்க அப்பாவை நாற்காலியில உட்கார வச்சுக் கட்டித்தான் கீழ இறக்கினோம்," என்றார். "எங்க ஃபிளாட்லயும் இதே மாதிரிப் படி."

மைனி எழுந்து உட்கார்ந்துவிட்டார். கனகத்தின் மாமியார்தான், முகமறியாத அந்தத் தகப்பனாருக்காகவோ, தனக்காகவோ, மெல்ல ஓர் ஒப்பாரியை எடுத்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மதிலுக்கு வெளியே நம்முடைய டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பெண்கள் கூட்டம், ஒப்பாரி, நடுவே பெஞ்சில் மைனியின் சேலை. அவ்வளவுதான். பஸ் வடசேரி போய்ச் சேர்வதற்குள் மைனி இறந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பூச்சந்தையிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். பூதப்பாண்டிக்குப் போன் பறந்தது. மைனியின் அண்ணன் ஒரு பெரிய ரோஜா மாலையோடு காரில் வந்து மைதானத்தில் இறங்கியபோது, மைனி மரத்தடியில் என்ஜினீயர்களோடு உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி," என்றார் அண்ணன். "நீ செத்துட்டேன்னு சொன்னாவளே."

"ஆமாண்ணே, கொஞ்சம் முன்ன. இப்பம் செரியாயிட்டு. டீ குடிக்கியா?"

அவர் அழுதார், திட்டினார், டீ குடித்தார். மாலையை என்ன செய்வது என்று எல்லோரும் முழித்தபோது மைனி அதை வாங்கிக்கொண்டு போய் அதிகாரியின் கழுத்தில் போட்டார். அவர் கை கூப்பி ஏற்றுக்கொண்டார். அது எதற்காக வாங்கிய மாலை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கதை வருகிற இதழை வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லாமல் இருக்கவேண்டும்.

அதன் பிறகு எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை. கூட்டங்கள், மறுபடி மனுக்கள், இரண்டு மழைக்காலம். கடைசியில் ஊருக்குப் பக்கத்திலேயே, சந்தைக்குக் கொஞ்ச நேரத்தில் நடந்து வருகிற தூரத்தில் இடம் கிடைத்தது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, அகலமான படி. எல்லோருக்கும் அங்கே இடம் போதவில்லை. சில குடும்பங்கள் தூரத்துக்குத்தான் போகவேண்டி வந்தது. அவர்களுக்குக் கீழ்த்தள வீடுகளை மைனி சண்டை போட்டு வாங்கினார். கனகத்தின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனபோது அவள் மாமியார் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் அதட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். வீடு அவளே கட்டியதுபோல இருந்தது.

இப்படிப்பட்ட வீடுகளின் அளவுகளைத் திருத்தி எழுத ஒரு குழு அமைத்தபோது, சென்னையிலிருந்து மைனியைக் கூப்பிட்டார்கள். விட்டு வந்த அதே வேலை. ஆனால் இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை என்று உற்சாகமாகக் கிளம்பினார். நாகர்கோவில் ஜங்ஷனில் வழியனுப்பப் பாதிச் சானல் கரையும் வந்திருந்தது. பிச்சிப்பூவும் நேந்திரங்குலையுமாகப் பெட்டியில் அவருக்கு உட்கார இடமில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம், "இந்த எடத்துக்குள்ள ஆறு பேரு எப்படிய்யா ஒறங்குவாவ?" என்று அவர் விசாரணையைத் தொடங்கியபோது ரயில் நகர்ந்தது.

எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வேலை நிறையக் கிடந்தது, வடசேரிக்குத் திரும்பவேண்டும். பஸ் நிறுத்தம்வரை பேசிக்கொண்டேதான் நடந்தேன். கனகம்தான் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"கண்ணத் தொடச்சுக்கிடுங்கோ தம்பி. பஸ்ஸுல ஆளு பாக்கும்."